அவருக்கு மட்டும் கேட்காத மணி

எங்கள் தெரு வியாகுலம் அண்ணன் படகுத் தச்சர். வெள்ளைக்காரன் காலத்தில் படாக் மரத்தால் கட்டிய மாதா கோயிலில் மூன்று வேளை செப மணி அடிப்பதும் அவர்தான். யாராவது இறந்தால் துக்க மணி அடிப்பார். "யாருக்கு அண்ணே?" என்று தெருவே ஓடிப்போய் அவரிடம் கேட்கும்.

அறுபத்து நாலில் அந்தக் கோயில் எரிந்தது. "ஆக், ஆக்" என்று இந்தியில் நெருப்பு நெருப்பென்று கத்திக்கொண்டு எங்கள் தீவின் அபர்டீன் பஜாரே ஓடிவந்தது. வங்காளிகளும் தெலுங்கர்களும்கூட எங்களோடு நின்று அழுதார்கள். மணி உருகிக் கரியோடு கிடந்தது.

மறுநாள் சாயங்காலம் மணி அடித்தது. நாங்கள் எழுந்து சிலுவை போட்டோம். எதிர்வீட்டு சுசீலா எப்போதும்போல் அதைக் கேட்டு சாமி விளக்கேற்றினாள். அப்புறம்தான் மணி உருகிப்போனது எங்களுக்கு நினைவு வந்தது. நம்பாதவர்கள் போகட்டும், அத்தனை பேர் காதுமா பொய் சொல்லும்?

அண்ணனுக்கு மட்டும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் எங்கள் கைகளைப் பார்த்துத்தான் அவர் சிலுவை போட்டார். "ஆண்டவர் என்னை மட்டும் ஏன் விட்டுட்டாரு?" என்பார்.

வருஷங்கள் கழித்து ஒரு மத்தியானம் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"இப்ப கேக்குது. துக்க மணி."

எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. யாருக்கு என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.