ஒரு கிலோ என்று குறித்த பை

ஐப்பசியில் என் மனைவியைப் பாரிசவாதம் தாக்கி, வலக்கை துவண்டு போயிற்று. மார்கழியில் அந்தக் கை சற்றே அசையத் தொடங்கியதும், வைத்தியசாலையில் வாரம் இருமுறை அவளுக்குப் பயிற்சி கொடுத்த பெண்பிள்ளை வீட்டில் செய்வதற்கும் ஒரு முறையைக் கற்பித்தாள். ஒரு கிலோ மணலைத் துணிப்பையில் தைத்து முன்கையிற் கட்டி, முழங்கையை மேசையில் ஊன்றி, மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும். எத்தனை தடவை என்பதை நாடோறும் குறிக்க வேண்டும். பதினைந்து தடவை இயன்றால் பாரத்தைக் கூட்டலாம்.

"வருத்தம் வந்து ஆறு மாசத்துக்குள்ள கை வாறதுதான் ஐயா. பிறகு வாறது கஷ்டம்" என்றும் அவள் ஒளிக்காமற் சொன்னாள்.

தன் கூந்தலைத் தானே முடிய வேண்டும் என்பதொன்றே என் மனைவியின் விருப்பம். நான் முடிந்துவிட்ட கொண்டையை அவள் ஒருநாளேனும் மெச்சியதில்லை.

மழை விட்ட ஒரு காலையில் உள்துறைமுகக் கரையில் மணல் அள்ளினேன். சந்திக் கடைத் தராசில் ஒரு கிலோ நிறுத்து, பையைத் தைத்து, அதன்மேல் மையினால் நிறையை எழுதினேன். துறைமுகத்தில் மூட்டைகளின் நிறை குறிக்கும் எழுதுவினைஞனாக என் உழைப்புக் காலம் முழுவதையும் கழித்தவன் நான். ஒருமுறை நிறுத்துக் குறியிட்ட மூட்டையை மறுபடி நிறுப்பது எங்கள் வழக்கமன்று. குறியே நிறை.

முதல்நாள் மூன்று தடவை உயர்த்தினாள். பின்னர் ஐந்து, எட்டு, பதினொன்று. வெள்ளிதோறும் பெறுபேற்றைப் பிள்ளைகள் மூவருக்கும் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன.

"எட்டாம் வகுப்போட நிண்ட மனுசன், இப்ப றிசல்ட் விடுறார்" என்று அவள் கேலி செய்வாள்.

எண்ணிக்கைகளைக் குறித்துவந்த கொப்பியைப் பயிற்சிப் பெண்ணிடமும் பெருமையுடன் காட்டினேன். அவளும் மகிழ்ந்தாள். காத்திருக்கும் நோயாளர் பலர் என்பதால், இனி மாதம் ஒருமுறை வந்தாற் போதும் என்றாள். அதையும் ஒரு வெற்றியாகவே பிள்ளைகளுக்கு அறிவித்தேன்.

மாசி முடியும் வேளையில் எண்ணிக்கை பதினான்கை எட்டியது. அடுத்த பையை ஆயத்தம் செய்யப் பழைய பையையும் மாதிரிக்காக எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி, கிண்ணியா ஊர்க்காரர், அதை வாங்கித் தராசில் வைத்தார்.

"ஐயா, இது ஒரு கிலோ இல்ல. எண்ணூறு கூட நிக்கிதில்ல."

தராசைத் துடைத்து மீண்டும் வைத்தார்.

"ஈர மண்ணை நிறுத்தீங்க. காஞ்சிட்டுது. ஹாபரில மூட்டையெல்லாம் இப்படித்தானா நிறுத்தீங்க?"

அவர் சிரித்தார். நான் கரையில் காய்ந்த மணல் அள்ளிவந்து, அதே தராசில் சரியாக ஒரு கிலோ நிறுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அன்று மாலை, ஒன்றும் சொல்லாமல் புதிய பையைக் கட்டினேன். நான்கு தடவை உயர்த்தினாள். ஐந்தாவதற்குக் கை மேசையை விட்டு எழவில்லை.

"இரவு நித்திரை சரியில்லை. அதுதான் ஏலாமக் கிடக்கு" என்றாள்.

தன்மீதே அவள் குறை சுமத்துவதைக் கேட்டிருக்க என்னால் இயலவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் இடக்கையால் பையை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"அப்ப நான் கூடேல்லை. மண்தான் குறைஞ்சிருக்கு."

"மூண்டு நாலாகியிருக்குத்தானே" என்றேன்.

"ஓம். ஒண்டு."

வெள்ளிக்கிழமை வந்தபோது, இவ்வாரம் அனுப்ப வேண்டாமே என்றேன். அவள் இணங்கவில்லை.

"அனுப்புங்கோ. நல்லதை மட்டுமோ அனுப்புறது?"

நான்கு என்று அனுப்பினேன். சிறிது நேரத்தில் கனடாவிலிருந்து மூத்த மகள் எழுதினாள்: "அப்பா, முன்னுக்கு ஒண்டு விடுபட்டுப் போச்சு. பதினாலோ?"

என் அருகிலிருந்து மனைவியும் அதை வாசித்தாள். "விடுபடவில்லை, மகள். நான்குதான்" என்று எழுதி, பையை நான் மறுபடி நிறுக்காத பிழையையும் எழுதினேன். அதன்பின் ஒருவரும் படம் அனுப்பவில்லை.

மறுநாளே பயிற்சிப் பெண்ணிடம் ஓடினேன். அவள் என்னைக் கடிந்துகொள்ளாமல், வாரம் இருமுறை என்று மீண்டும் அட்டையில் எழுதித் தந்தாள். ஆறு மாதம் நிறைய அப்போது நான்கு வாரமே இருந்தது. அந்த ஆறு மாதமும் கடந்த இன்று, என் மனைவியின் கை மார்பு வரை எழுகிறது. தலைவரை எழுவதில்லை.