மலைமேல் ஒரு ஓர்க் சித்தப்பா

ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பொறியியல் படித்த நண்பரின் மாடியறையில் நாங்கள் நான்கு பேர் வழக்கம்போல் கூடியிருந்தோம். ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுத்து ஆடும் மாயாஜால விளையாட்டு. நண்பர் கதையை நடத்துவார்; வீசிய வாள் வெட்டுகிறதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நடந்ததை நாள்வாரியாக எழுதி வைப்பது என் வேலை.

மேசைமேல் நகர்த்தும் பொம்மைகளுக்கு நண்பரே வண்ணம் பூசுவார். அவருடைய பெயிண்ட் பெட்டியில் ‘தோல் நிறம்’ என்று எழுதிய ஒரு புட்டி உண்டு. உள்ளே இருப்பது இளஞ்சிவப்பு. அது எல்ஃபுகளுக்கு. எல்ஃப் என்றால் உயரம், அழகு, அறிவு. பழுப்புப் புட்டி ஓர்க்குகளுக்கு. ஓர்க் என்றால் மலையில் வாழும் முரடன், மந்தபுத்தி, பிறவியிலேயே கெட்டவன் என்றது விதிப்புத்தகம். இந்த வகை நாவல்களை அலமாரி அலமாரியாகப் படித்தவன் நான். பெரும்பாலும் இதே பங்கீடுதான். மேசையைச் சுற்றியிருந்த எட்டுக் கைகளில் ஒன்றுகூட ‘தோல் நிறம்’ இல்லை என்பது ஏனோ எங்களுக்கு உறைக்கவே இல்லை.

பாத்திரக்கடை பாய்க்கு மட்டும் முதல் நாளிலிருந்தே ஒரு குறை. அவருக்கு டுவார்ஃப் வேடம் தரப்பட்டிருந்தது. தங்கத்தின்மேல் பேராசை பிடித்த குள்ளன்.

“கடை வெச்சிருக்கறன்னு என் தலையில கட்டிட்டீங்க. என் கடைக்கு வந்து பாருங்க. வர்றவன் கேக்கற வெலைக்குக் குடுத்துட்டு வூட்ல திட்டு வாங்கிட்டிருக்கறன்.”

நான்காமவர் வத்தல்மலைக்காரர், கீழே தருமபுரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். சிஸ்டர் என்று கூப்பிடுவோம். அவருக்கு வில்லேந்திய எல்ஃப்.

அன்று நாங்கள் ஓர்க்குகளின் மலைக்கிராமம் ஒன்றைக் கொளுத்த வேண்டும். நண்பர் புதிதாக வரைந்த வரைபடத்தை விரித்தார். சிஸ்டர் குனிந்து பார்த்தார். தாளை மெல்லத் தலைகீழாகத் திருப்பினார்.

“அண்ணா, இது எங்க வூட்டுக்குப் போற ரோடுங்க.”

எட்டிப் பார்த்தோம். மாவட்ட வரைபடத்தை அப்படியே டிரேஸ் எடுத்துத் தலைகீழாக்கியிருந்தார். மேற்கு எல்லையில் இருக்க வேண்டிய காவிரி கிழக்கு எல்லையில் ஓடியது. மலைப்பாதையின் கொண்டைஊசி வளைவுகள் ஒன்றுகூடக் குறையவில்லை. பாய் எல்ஃபுகளின் பளிங்குத் தலைநகரை விரலால் தேடிப் பிடித்தார்.

“அடேங்கப்பா, இது நம்ம தெருவுல்ல? இவரு வூடு இருக்கற எடத்துல அரண்மனை!”

“அவசரத்துல பண்ணுனதுங்க,” என்றார் நண்பர். “மலைன்னதும் கையி தானா அங்க போயிடுச்சி.”

“கெட்டவங்கன்னா கையி ஏன் தானா எங்க ஊருக்குப் போவுது?” சிஸ்டர் சிரிக்கவில்லை. “ஆஸ்பத்திரிலயும் இதேதான். மலைன்னு சொன்னா போதும், அங்க பஸ் வருமா, செருப்பெல்லாம் போடுவீங்களான்னு கேப்பாங்க. ஞாயித்துக்கெழம ஒருநாள் அதையெல்லாம் மறந்துட்டு இருக்கலாம்னுதான் இங்க வர்றன். இன்னைக்கு அந்த ஊரைக் கொளுத்துனீங்கன்னா, அடுத்த வாரத்துல இருந்து நான் வரலீங்க.”

சொல்லிவிட்டு ஓர்க் தலைவனின் பொம்மையை எடுத்துத் தன் புறங்கையருகே வைத்தார். இரண்டும் ஒரே நிறம்.

“எங்க சித்தப்பா மாதிரியே இருக்கறாரு. இவரை நான் ஆடறன். வாங்க, வந்து கொளுத்துங்க பாக்கலாம்.”

நண்பர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இதற்கு விதி இல்லை. “சரிங்க சிஸ்டர்,” என்றார்.

தீப்பந்தங்களோடு போய்க் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்த ஓர்க், “மொதல்ல உக்காந்து காபி குடிங்க. எங்க தோட்டத்துக் கொட்டை,” என்றார். காபி குடித்த வீட்டில் வாளை எப்படி உருவுவது? நண்பர் விடவில்லை. “வெஷம் கலந்திருக்கலாம், பகடையைப் போடுங்க,” என்றார். போட்டேன். நல்ல எண் விழுந்தது. விஷமில்லை, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல் என்று அறிவித்தார் சிஸ்டர். அடுத்து பாய் பேரத்தில் இறங்கினார். ஒரு மூட்டை மிளகுக்குத் தன் மந்திரக் கோடரியைக் கொடுத்தார். அது போதாதோ என்ற சந்தேகத்தில் தலைக்கவசத்தையும் கழற்றிக் கொடுத்தார். பேராசைக் குள்ளன்! கிராமம் எரியவில்லை.

அடுத்த ஞாயிறு சிஸ்டர் நேரத்துக்கு வரவில்லை. நண்பர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். விதிப்புத்தகத்தில் ‘பிறவியிலேயே கெட்டவர்கள்’ என்ற வரியைப் பேனாவால் அடித்திருந்ததை எங்களுக்கு இரண்டாம் முறையாகக் காட்டினார்.

“எங்ககிட்ட காட்டி என்ன புண்ணியம்?” என்றார் பாய்.

அப்போது சிஸ்டர் படியேறி வந்தார். “பஸ் லேட்டுங்க. சித்தப்பாவும் வந்திருக்கறாரு. கீழ செருப்பைக் கழட்டறாரு. தன்னை மாதிரி பொம்மை இருக்குதாமேன்னு பாக்க வந்தாரு.”

“அய்யய்யோ சிஸ்டர், அதுக்குக் கோரைப்பல்லு இருக்குது!” என்று பதறினார் நண்பர்.

பொம்மையை மூட அவர் துணி தேடுவதற்குள் சித்தப்பா உள்ளே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை. பொம்மையை உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“எல்லாஞ் சரிதானுங்க தம்பி. மீசைய ஏன் எடுத்துட்டீங்க?”

நண்பர் மெல்லிய தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, கோரைப்பற்களுக்கு மேலே மீசை வரையத் தொடங்கினார்.

“இன்னுங் கொஞ்சம் மேல முறுக்கி வுடுங்க,” என்றார் சித்தப்பா.

சிஸ்டர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பகடையைக் கையில் எடுத்துக்கொண்டார்.