யாராவது பேசுங்க

இது எனக்கே நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை, கனவும் இல்லை. அன்றைக்கு நான் குடித்திருக்கவும் இல்லை. காலையிலிருந்து வயிற்றுக்குள் போனது கறுப்புக் காப்பியும் இரண்டு பிஸ்கட்டும்தான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். முழுக்கப் படித்த பிறகும் சிரிப்பு வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

தொண்ணூற்றேழு பிப்ரவரி. ஓஹாயோவில், ஏரிக்கரையில் இருக்கும் சாண்டஸ்கி. அங்கே ராக் பாட்டுப் போடும் ஒரு சின்ன ரேடியோ ஸ்டேஷன். பதினைந்து வருடமாக அதில் பாட்டுப் போட்டு, நடுநடுவே பேசிப் பிழைத்தவள் நான். பெயர் ரோண்டா. யார் வீட்டு நாய் காணாமல் போனது, எந்தப் பாலத்தில் சறுக்குகிறது, ஏரியில் காற்று எப்படி என்று எல்லாவற்றையும் நான்தான் சொல்வேன்.

எங்கள் ஊரில் ராக் சண்டைக்குக் குறைவே கிடையாது. பழைய பாட்டு மட்டும் போடு என்று அப்பன்மார். புதுசு போடு என்று அவர்கள் பெற்ற பிள்ளைகள். ஒருமுறை எங்கள் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பேர் இதற்காகச் சட்டையைக் கிழித்துக்கொண்டு புரண்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் டல்லஸ் கம்பெனி ஒன்று ஸ்டேஷனை வாங்கியது. யோசனை சொல்ல ட்ரென்ட் என்று ஒருவனை அனுப்பியது. முப்பது வயது இருக்கும். பனியிலும் பளபளக்கும் ஷூ. பழசோ புதுசோ அவனுக்குக் கவலை இல்லை. யாரும் பேசக்கூடாது, அவ்வளவுதான்.

"ஆள் வாயைத் திறந்தா கேக்கறவன் வேற ஸ்டேஷன் மாத்திடறான், மேடம். பாட்டு, பாட்டு, பாட்டு. டல்லஸ்லேர்ந்து கம்ப்யூட்டரே போட்டுடும்."

"பாட்டு எந்தக் கடையிலயும் கெடைக்கும் தம்பி. பாலம் சறுக்குதுன்னு கடைக்காரன் சொல்வானா?"

"பேச்சு வேணுமா வேணாமான்னு ஜனங்களே சொல்லட்டும்."

அதற்குத்தான் அந்த வாரம் 'பேச்சில்லா ராக்' என்று ஒரு பரீட்சை. ஒரு வாரம் ஒருத்தரும் மைக்கைத் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை நூறு பேருக்குப் போன் போட வேண்டும். ஏழு விநாடிப் பாட்டுத் துண்டுகளைப் போட்டுக் காட்டி, பிடிக்கிறதா, அலுத்துவிட்டதா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விதான் என் தலையெழுத்து: 'பாட்டுக்கு நடுவே ஒருவர் பேச வேண்டுமா?' பாதிப் பேருக்கு மேல் வேண்டும் என்றால் நாங்கள் பிழைத்தோம். இல்லையென்றால் திங்கட்கிழமை எல்லோரும் வீட்டுக்கு.

வீட்டில் என் கணவன் லென். ரத்தப் புற்றுநோய். அவன் வேலை பார்த்த கார் பாகத் தொழிற்சாலை எப்போதோ மூடியாகிவிட்டது. அவன் மருந்தெல்லாம் என் வேலையோடு வந்த இன்சூரன்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. என் வேலை போனால் மருந்தும் போயிற்று. அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளி மாலை ஐந்து மணி. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. தெற்குப் பக்கத்துச் சன்னல் கடகடவென்று ஆடியது. கூட்ட அறையில் மூன்று பேர்: போனில் நான், எதிரே விடைகளைக் கூட்டிக்கொண்டு ட்ரென்ட், மூலையில் மேனேஜர் கில். கில் நல்லவன்தான், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான். கணக்கு அதுவரை சரிபாதியில் நின்றது. இன்னும் ஏழெட்டுப் பேர் பாக்கி.

தாழ்வாரத்தில் வானிலை பிரிண்டர் டகடகவென்று அடித்து ஓய்ந்தது. யாரும் எழுந்து போகவில்லை. படிக்கத்தான் ஆள் கூடாதே.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு அடுத்த நம்பரை அழுத்தினேன். உடனே எடுத்தார்கள். ஆண் குரல். பின்னால் காற்று இரைந்தது.

"ரேடியோ ஸ்டேஷனா?"

நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"ஆமாங்க. சின்னச் சின்னப் பாட்டுத் துண்டு போடறேன், மார்க் போடுங்க…"

"பாட்டெல்லாம் சரிம்மா. எப்பப் பேசுவீங்க?"

எனக்கு ஒரே சந்தோஷம். 'வேண்டும்' என்று பெரிதாகக் குறித்துக்கொண்டேன். ஒன்று மட்டும் உறுத்தியது. அவர் பின்னால் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஸ்டேஷனில் முன்பு தினமும் போட்ட பாட்டு அது. நாங்கள் அதை நிறுத்தி இரண்டு குளிர்காலம் ஆகிறது.

அடுத்த நம்பர். வேறு ஊர், வேறு தெரு.

"எப்பப் பேசுவீங்க?"

அதே குரல். அதே காற்று. அதே பாட்டு.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து வைத்துவிட்டேன். மூன்றாவது நம்பர். ஒரு கிழவிப் பெயர் எழுதியிருந்தது.

"யாராவது பேசுங்கம்மா… ஒரு மணி நேரமா கேட்டுக்கிட்டே இருக்கேன்…"

ட்ரென்ட் தலையை நிமிர்த்தினான். ரிசீவரிலிருந்து வழிந்த குரல் அவனுக்கும் கேட்டிருந்தது.

"மூணு பேரும் ஒரே ஆளு. உங்க சொந்தக்காரரா மேடம்?"

"சத்தியமா தெரியாது."

"நல்லா ஏமாத்தறீங்க. இருங்க, நம்பர் நான் போடறேன்."

ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு அவனே அழுத்தினான். அது அவன் தங்கியிருந்த ஹோட்டல் அறையின் நம்பர் என்று பிறகுதான் சொன்னான். பூட்டிச் சாவியைப் பையில் வைத்திருந்த அறை.

ஒரே மணி. எடுத்தார்கள்.

காற்று.

"காத்து திரும்பிடுச்சு… சொல்லுங்களேன். யாராவது வாயத் தொறந்து சொல்லுங்களேன்…"

கில் சிலுவை போட்டுக்கொண்டான். ட்ரென்ட்டின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பயந்தவனுக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"போன் இணைப்புல ஏதோ வேலை பண்ணி வெச்சிருக்கீங்க! டல்லஸுக்குச் சொல்றேன் பாருங்க!"

நான் அவனைக் கவனிக்கவில்லை. தாழ்வாரத்துக்கு ஓடி பிரிண்டர் தாளைக் கிழித்தேன். தெற்குக் காற்று, மணிக்கு நாற்பது மைல். ஏரிப் பனி கரையைவிட்டுப் பிரியலாம். பனியின் மேல் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும்.

எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிப்ரவரி என்றால் ஆண்பிள்ளைகள் பனியின் மேல் மரக் குடிசை போட்டு, ஓட்டை தோண்டித் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். தெற்குக் காற்று அடித்தால் பனித்தட்டு மொத்தமாகக் கழன்று ஏரி நடுவுக்குப் போய்விடும். குடிசைக்குள் தெரியாது. ரேடியோ சொன்னால்தான் தெரியும்.

திரும்பி வந்தபோது ஸ்பீக்கர் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"யாருங்க நீங்க? எங்கேர்ந்து பேசறீங்க?"

"டோபி தூங்கறான்… அடுப்புச் சூட்டுல தூங்கிட்டான். நான் கூப்பிட்டா கேக்கல… நீங்க கூப்பிடுங்க. உங்க குரல் அவனுக்குத் தெரியும்…"

"டோபி யாரு?"

எங்கோ 'டொம்ம்ம்' என்று ஓர் ஓசை. அடியில் தண்ணீர் சலசலத்தது.

"எம் புள்ளைம்மா."

இணைப்பு அறுந்தது.

மணி ஐந்து நாற்பது.

"கரைக் காவல்படைக்குப் போடு கில்!" என்று கத்தினேன். கில் பக்கத்துப் போனை எடுத்தான். நம்பரை அழுத்தினான். கேட்டான். வாய் கோணியது. ரிசீவரைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் மெதுவாக வைத்தான்.

"ரோண்டா… அங்கயும் அந்த ஆளுதான்."

நான் ஸ்டுடியோவுக்குப் போனேன். ட்ரென்ட் முன்னால் ஓடிவந்து கதவை மறித்தான்.

"பரீட்சை எட்டு மணி வரைக்கும் இருக்கு. மைக்கைத் தொட்டா இன்னியோட நீங்க இல்ல. உங்க வீட்டுக்காரர் வைத்தியத்த யோசிங்க மேடம். நான் மெரட்டல… கெஞ்சறேன்."

யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன், யோசித்தேன். லென் காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து எண்ணுவது கண்முன் வந்தது. ஒரு குரலை நம்பி, முகம் தெரியாத பையனுக்காக, கட்டிய புருஷனின் உயிரைப் பணயம் வைப்பதா? கால் நகரவில்லை. கடிகார முள் மட்டும் நகர்ந்தது. அழுகை வந்தது.

உள்ளே கம்ப்யூட்டர் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

"நகரு தம்பி" என்றேன்.

நகர்ந்தான்.

பாட்டை நிறுத்தினேன்.

மைக்கைத் திறந்தேன்.

"மணி அஞ்சு அம்பது. நான் ரோண்டா. ஏரி மேல இருக்கறவங்க எல்லாம் இப்பவே கரைக்கு வந்துடுங்க. தெக்குக் காத்து. சாமான விட்டுட்டு ஓடி வாங்க. டோபி… டோபின்னு யாராவது இருந்தா எந்திரி கண்ணு. உங்கப்பா கூப்பிடறாரு."

மூன்று முறை சொன்னேன். பிறகு ஸ்டேஷன் போன்கள் எல்லாம் சேர்ந்து அடித்தன. எடுத்தேன். எல்லாம் ஊர்க்காரர்கள். சாதாரணக் குரல்கள்.

ஆறரைக்கு என் பொருள்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் அந்த மாதக் கடைசி வரை.

செவ்வாய்க்கிழமை வீட்டு வாசலில் மணி அடித்தது. சுட்ட உருளைக்கிழங்குத் தட்டோடு ஒரு பெண், மார்லீன் கெஸ்லர். பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி நெட்டையாக ஒரு பையன். பத்தொன்பது வயது.

"இவன்தான் டோபி" என்றாள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உயிரோடு சூடாக இருந்தது அந்தக் கை.

அவன் அப்பா லாயிட், இரண்டு குளிர்காலத்துக்கு முன் அதே ஏரியில் பனித்தட்டோடு போனவர். குடிசையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம். அந்த வருடம் மாலை நேரத்தில் நாங்கள் ஒரு மணி நேரம் இடைவிடாமல் பாட்டுப் போடுவோம். எச்சரிக்கை வந்தபோது அது நடுவில் இருந்ததால் யாரும் வாசிக்கவில்லை. இதைக் கேட்டபோதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

"நல்லவேளை, என் குரல் கேட்டு எந்திரிச்ச" என்றேன்.

டோபி அம்மாவைப் பார்த்தான்.

"ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. நாங்க உங்க ஸ்டேஷன் கேக்கல. ஒரு வாரமா யாருமே பேசல, போர் அடிச்சுது. கன்ட்ரி பாட்டுப் போடற வேற ஸ்டேஷன் வெச்சிருந்தோம். அதுலதான் நீங்க வந்தீங்க."

"அதுல எப்பிடிடா நான் வருவேன்?"

"தெரியல. என் பேரு சொன்னீங்க, அப்பா கூப்பிடறாருன்னீங்க. குடிசையில நாங்க சிநேகிதங்க நாலு பேரும் கேட்டோம். இன்னொண்ணு… நீங்க மணி அஞ்சு அம்பதுன்னு சொன்னீங்க. நான் வாட்ச்சப் பாத்தேன். அஞ்சு இருவது. இந்தம்மாவுக்கு மணி பாக்கத் தெரியலன்னு சிரிச்சுக்கிட்டேதான் கெளம்பினோம்."

நான்கு பேர் வாட்சும் அதையே காட்டியதாம். கரையில் தூண்டில் கடைக்காரரைப் போய்க் கேட்டேன். பையன்கள் ஓடி வந்து ஏறியதைப் பார்த்தவர் அவர். பனித்தட்டு கழன்றது ஐந்தரைக்கு, காவல்படையும் அதைத்தான் சொன்னது என்றார். அன்று ஏரிமேல் வேறு யாருமே இல்லையாம். கில்லிடம் கெஞ்சி ஸ்டேஷனின் பதிவு நாடாவை வாங்கிக் கேட்டேன். நான் மைக்கைத் திறந்தது ஐந்து ஐம்பதுக்குத்தான். ஐந்து இருபதுக்கு நான் ட்ரென்ட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். டோபி என்ற பெயரே எனக்குத் தெரியாது.

மார்ச்சிலிருந்து லென் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டான். கோடையில் அதுவும் தீர்ந்தது. நாங்கள் கெஞ்சாத ஆபீஸ் இல்லை.

ஒரு ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டான்.

"ஏய், அந்தப் பசங்க அஞ்சு இருவதுக்கே கரைக்குக் கெளம்பிட்டானுங்கதானே?"

"ஆமா லென்."

"அப்ப அஞ்சு அம்பதுக்கு நீ பேசாம இருந்திருந்தா… என்ன ஆயிருக்கும்?"

"தெரியல லென்."

"நெஜமாவே தெரியலையா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அக்டோபரில் அவன் போய்விட்டான்.