முதல் ஷிஃப்ட் பேய்

பேய்ப்படம் எழுதுகிறவன் என்றால் எங்கள் ஊரில் ஓர் இளக்காரம் உண்டு. இப்போது எனக்கே என்மேல் அந்த இளக்காரம் வந்துவிட்டது. ஆனால் நான் முதலில் எழுதிய பேய் யாரையும் பயமுறுத்தாது. ஹெல்மெட்டும் டிபன் பாக்ஸுமாக முதல் ஷிஃப்டுக்கு பஸ் ஏற தினமும் வந்து நிற்கும், அவ்வளவுதான். தான் செத்துப்போனது அதற்குத் தெரியாது. பஸ்ஸில் இருப்பவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். உயிரோடு இருந்தபோது மட்டும் கண்டுகொண்டார்களா என்ன? அவன் கான்ட்ராக்ட் ஆள்.

அந்தப் பேய் என் அண்ணன். நெய்வேலி மைன்ஸில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தான். அப்பா பர்மனென்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். பெரியவனும் ஒருநாள் பர்மனென்ட் ஆவான் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தான். யாரையும் குற்றம் சொல்ல முடியாத சாவு, அதுதான் எனக்கு ஆத்திரம். வீட்டில் அவனுடைய உருப்படியான போட்டோகூட இல்லை. அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தோம். முகம் புள்ளி புள்ளியாக இருக்கும். அதனால்தான் கதை விலைபோன அன்று, அண்ணன் படத்தில் வருவான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டீக்கடையில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் இதே பேச்சு.

முன்பணம் கொடுத்த பிறகுதான் சென்னையில் தயாரிப்பாளர் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பேய் யாரைப் பழிவாங்குகிறது என்றார். யாரையும் இல்லை என்றேன். அப்புறம் எதற்குய்யா பேய் என்றார். அடுத்தடுத்த கதை விவாதங்களில் அண்ணன் காணாமல் போனான். காதலில் ஏமாந்த ஒரு பெண் வெள்ளைச் சேலையோடு வந்தாள். பஸ் ஸ்டாப் போய் மலை பங்களா வந்தது. நான் சண்டை போட்டேன். கதை என்று உங்கள் பெயர்தானே வருகிறது, வேறென்ன வேண்டும் என்றார்கள்.

ஊருக்கு வந்து, படத்தில் அண்ணன் இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பியிருப்பார். ஆனால் அதற்குள் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்: 'நெய்வேலியில் நடந்த உண்மைச் சம்பவம்'. படத்தில் நெய்வேலி ஒரு வசனத்தில் வருகிறது, அதுவும் தப்பான உச்சரிப்பில்.

"உண்மைச் சம்பவம்னு போட்டுக்கிறானே, நம்ம வூட்டுல நடந்ததுதானடா அது," என்றார் அப்பா. என் பேச்சைவிட போஸ்டர் பேச்சு அவருக்குப் பெரிதாகிவிட்டது.

முதல் நாள் தியேட்டர் வாசலில் ஓர் ஆம்புலன்ஸை நிறுத்தியிருந்தார்கள். படம் பார்த்து யாருக்காவது நெஞ்சடைத்தால் தூக்கிக்கொண்டு போகவாம். வெள்ளைச் சேலையில் பேய் வேஷம் போட்டு நிறுத்தியிருந்த ஒரு பெண்ணோடு ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதாசிரியர் என்று என்னையும் அவள் பக்கத்தில் நிறுத்தினார்கள். நிற்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். அதைச் சிரிப்பு என்று நினைத்திருப்பார்கள். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பெயர்கள் எல்லாம் ஓடி விளக்குப் போட்டபிறகும் எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

வாசலில் மைக்கை நீட்டினார்கள். படம் எப்படி, பயந்தீர்களா என்று கேட்டார்கள்.

"பயந்துகினேதாங்க உக்காந்திருந்தேன். கண்ண மூடவே இல்ல. எம் பெரிய புள்ள வருவான்னு சொன்னாங்க, அவன் மூஞ்சியப் பாத்தா தாங்குவனான்னு பயம். கடைசி வரிக்கும் அவன் வரலீங்க."

மறுநாள் அது விளம்பரமாக வந்தது. முதல் இரண்டு வாக்கியங்களோடு வெட்டி, பின்னால் இடிச் சத்தம் சேர்த்து, 'பெரியவரையே நடுங்க வைத்த படம்' என்று போட்டிருந்தார்கள். எடுத்துவிடச் சொல்லி விளம்பரம் பார்ப்பவரிடம் கெஞ்சினேன். படத்தைவிட அதுதான் நன்றாக ஓடுகிறது சார் என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் அதை அப்பாவிடம் போனில் போட்டுக் காட்டிவிட்டார். அப்பா திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் பேசுனதுல இருந்தும் அவன எடுத்துட்டானுவளாடா?"