தம்பியை நினைச்சு வாசி

யாழ்ப்பாணத்துச் சனம் போரால் ஊரைவிட்டு மொத்தமாக இடம்பெயர்ந்த அந்த இலையுதிர்காலத்தில் அம்மா உப்பை விட்டார். அவருடைய ஒரே தம்பி, என் மாமா, எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. செய்தி வரும்வரை உப்பில்லாமல் சாப்பிடுவதாக அட்லிஸ்வில் முருகனுக்கு நேர்த்தி. சுவிஸில், டீட்டிகோனில் எங்கள் வீட்டு அடுப்பில் இரண்டு சட்டிகள் இருந்தன. எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒன்று போதும் என்றிருந்த வீட்டில் அம்மாவுக்கென்று தனியாக ஒன்று. தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பிறந்தநாள், பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்திய வீடு எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள்.

அந்த நாட்களில்தான் நான் வாசித்த ரெகே இசைக்குழுவின் முதல் பெரிய கச்சேரி சூரிச்சில் வந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் படித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். பள்ளியில் இரவலாகக் கிடைத்த சாக்ஸபோனில் நான் இரண்டு வருடத்தில் மற்றவர்களை முந்திவிட்டேன். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. இப்போதும் மறைப்பதில்லை. குழுவில் பியானோ வாசித்தவர் என் இசை ஆசிரியர், ஜாஸ் படித்தவர். தலைவர், ஜமெய்க்காவிலிருந்து வந்து இந்த நாட்டில் தங்கிவிட்ட கைமேளக்காரர். அவர் ரஸ்தாஃபாரி நெறியில் வாழ்ந்தார். ஒத்திகைக்கு முன்னால் கண்ணை மூடி இறைவனை அழைப்பார். பிறகு இதயம் துடிப்பதுபோல் இரண்டு அடி அடித்து நிறுத்துவார். அந்த இடைவெளிக்குள் மற்றவர்கள் ரெகேயை ஏற்றிக்கொண்டு வருவோம். பாட்டின் நடுவில் எல்லாரும் ஒதுங்கி எனக்கு இடம் விடுவார்கள். அங்கே என் மனதுக்கு வந்ததை நான் வாசிக்கலாம்.

வீட்டில் இருக்கும் நிலையைச் சொல்லி, கச்சேரிக்கு வரமாட்டேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை மேளக்காரர் எஸ்-பான் ரயிலில் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், அனுமதி கேட்க.

அவர் கம்பளித் தொப்பியைக் கழற்றியதும் முடி திரள் திரளாக இடுப்புவரை விழுந்தது. அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்தார்.

“சடை விழுந்திருக்கு. சாமியாரோ?”

“இல்லையம்மா. அவையின்ர சமயம் அப்பிடி. மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டார். உப்பும் சேர்க்கமாட்டார்.”

“உப்புமில்லையோ?” அம்மா கரண்டியை வைத்துவிட்டார். “ஆருக்காண்டி?”

ஒருவருக்காகவும் இல்லை, அது அவர்கள் வாழும் முறை, உடம்பைச் சுத்தமாக வைத்திருப்பதற்கு என்றேன். அம்மா அதை நம்பியதாகத் தெரியவில்லை. தன் சட்டியிலிருந்து பருப்பும் பூசணிக்காயும் எடுத்து அவருக்குப் பரிமாறினார். அவர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

“உன்ர கறியைத் தின்ன ஒரு சீவனும் இல்லையெண்டு சொல்லிக்கொண்டிருந்தாய்,” என்றார் அப்பா. “ஜமெய்க்காவிலயிருந்து ஆள் வந்திட்டுது.”

“நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு இருங்கோ,” என்ற அம்மா, என்னிடம் திரும்பினார். “அவரிட்டக் கேள் பிள்ளை. இது கும்பிடுற பாட்டோ, ஆடுற பாட்டோ?”

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்றார் அவர்.

“எங்கட காவடி மாதிரி அம்மா,” என்று நானும் சேர்த்துச் சொன்னேன்.

“காவடி ஆடுறதுக்கு ஆர் டிக்கெட் விக்கிறாங்கள்?”

அப்பா சிரித்துவிட்டார். இதை மேளக்காரருக்கு மொழிபெயர்த்தபோது அவரும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வந்தவருடைய தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்து, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“போ. ஆனால் தம்பியை நினைச்சு வாசி. உன்ர ஊதலெல்லாம் அவனுக்குத்தான். விளங்குதோ?”

“ஓம் அம்மா.”

மாமா உயிரோடுதான் இருந்தார். கச்சேரி முடிந்து பல வாரங்களுக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கமிருந்து செய்தி வந்தது, அம்மா அழுதுகொண்டே ஒரு கல்லு உப்பை வாயில் போட்டார். மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அந்த நேர்த்தியில் அம்மா எனக்கும் ஒரு பங்கு தந்திருந்தார். அதைச் சரியாகச் செய்தேனா என்பது மாமா பிழைத்ததோடு முடிகிற கணக்கல்ல.

கச்சேரியன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேளம் தொடங்கியது, சனம் அசையத் தொடங்கியது, மற்றவர்கள் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்கள். முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை மாமா என் நினைவில் வரவேயில்லை. அம்மாவும் வரவில்லை. விரல்களும் மூச்சும் மட்டும் இருந்தன. அதுவரை நான் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை.

கைதட்டு அடங்கவில்லை. அதே பாட்டை மறுபடி கேட்டார்கள். மேளக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்போதுதான் மாமா நினைவுக்கு வந்தார். சைக்கிளில் மூட்டையைக் கட்டி, மழையில் சனத்தோடு சனமாக உருட்டிக்கொண்டு போகிற மாமா. நான் ஒரு சைகை காட்டியிருந்தால் மேளக்காரர் தாளத்தைத் தாழ்த்தியிருப்பார், நானும் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசித்திருக்கலாம். ஆனால் முன்னால் நின்றவர்கள் ஆடக் காத்திருந்தார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

முதல் தடவையை மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் தடவை, மாமாவை அந்த மழையிலேயே விட்டுவிட்டு, முன்னதைவிட நன்றாக வாசித்தேன்.