இறக்கம் இல்லாமல் ஜீப்பைக் கிளப்புவது

பீர்மேட்டுப் பக்கம் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் பலர் வண்டியை இறக்கம் பார்த்து மூக்கை வைத்துத்தான் நிறுத்துவார்கள். கிளம்பும்போது பிரேக்கை விட்டால் போதும், வண்டி தானாக உருளும். இரண்டாம் கியரில் கிளட்சை விட்டதும் எஞ்சின் இருமிக்கொண்டு எழும். பேட்டரி எந்த நிலையில் இருந்தால் என்ன? எங்கள் வீட்டு ஜீப்பும் அப்படித்தான் ஓடியது. எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு பல வருடம் அதை ஓட்டிய என் கணவர், முழங்கால் வலி வந்த பிறகு வண்டியை மகளிடம் கொடுத்தார். பழக்கத்தையும் சேர்த்தே கொடுத்தார்.

மகள் கம்பம்மெட்டில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிறானால் சிநேகிதிகளோடு புல்மேடுகளில் ஜீப் ஓட்டப் போய்விடுவாள். பாதை இல்லாத இடத்தில் ஓட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் அடிக்கடி கேட்டதால், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனாள்.

மேட்டில் காற்று நன்றாக இருந்தது. பால் விடாத கட்டன் சாயா குடித்தோம். திரும்பும்போது அவள் வழக்கம்போல் பிரேக்கை விட்டாள். வண்டி உருண்டது. கிளட்சை விட்டதும் சக்கரங்கள் நின்றுவிட்டன, ஆனால் வண்டி நிற்கவில்லை. எஞ்சின் எழவில்லை. ஈரப்புல்லில் நாங்கள் சத்தமே இல்லாமல் வழுக்கிப் போனோம். அந்த அமைதிதான் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு மண்திட்டில் முட்டி வண்டி நின்றது. திட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் இறங்கிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

யாருக்கும் அடியில்லை. அடுத்த வாரமும் போகவேண்டும் என்று மகள் சொன்னபோது வண்டியை விற்றுவிடச் சொன்னேன். கணவர் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"நான் ஓட்டுன காலத்துல ஒரு தடவ கூட வழுக்கலியே."

"நீங்க ரோட்டுல ஓட்டுனீங்க. இவ புல்லுல ஓட்டுறா."

பேட்டரி வீக் என்பதுதான் அவர் எப்போதும் சொல்லும் காரணம். புது பேட்டரி போட்டாலும் மேட்டில் வைத்து அதன் சார்ஜ் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு ஜம்ப் ஸ்டார்டர் என்று ஒன்று இருக்கிறது என்றாள் மகள். கையில் தூக்கிப்போகும் பெட்டி. அதன் கிளிப்புகளை பேட்டரியில் மாட்டி, சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பலாம். அப்படியானால் அதை நான்தான் தேர்ந்தெடுப்பேன், அதுவரை மேட்டுக்குப் போகக்கூடாது என்றேன். ஒத்துக்கொண்டாள். நான் ஒரு வாரத்தில் களைத்துவிடுவேன் என்று நினைத்திருப்பாள்.

பள்ளிக்கூடத்தில் நான் நடத்துவது வரலாறு. மின்சாரம் என்றால் சுவிட்ச் போடத் தெரியும், அவ்வளவுதான். பயத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன், ஆனால் இரண்டு நாளில் ஆசையாகப் படிக்கத் தொடங்கிவிட்டேன். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் ஆம்பியர், கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் கிடைப்பது. எஞ்சினைச் சுற்றவைக்கும் ஆம்பியர் வேறு, அதைச் சிறிய எழுத்தில் போடுகிறார்கள். டீசல் எஞ்சின் காற்றை அதிகமாக அமுக்குகிறது, அதனால் அதைச் சுற்ற பெட்ரோல் காரை விட நிறைய பலம் வேண்டும். குளிரில் இன்னும் அதிகம். பேட்டரி அடியோடு செத்திருந்தால் சில பெட்டிகளுக்கு அங்கே பேட்டரி இருப்பதே தெரியாது. அப்போது அழுத்த ஒரு தனி பட்டன் உண்டு. அதை அழுத்தினால் சிவப்பு, கறுப்பு கிளிப்புகளை மாற்றி மாட்டினாலும் பெட்டி தடுக்காது. சின்னப் பெட்டிக்குள் இத்தனை நிபந்தனைகளா என்று வியப்பாக இருந்தது.

வண்டிப்பெரியாரில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர் ஒரு சிறிய பெட்டியை எடுத்துக் காட்டினார். "டீச்சரே, இதுல போன் கூட சார்ஜ் போடலாம்."

"போன் எங்களைப் பள்ளத்துல உருட்டாதுங்க. டீசல் ஜீப்ப இது சுத்துமா?"

சுற்றும் என்றார். கடை வாசலில் வைத்தே சுற்றிக் காட்டச் சொன்னேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைக்காரர் நல்ல மனிதர், கிளிப்பை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. மகள் சாவியைத் திருப்பினாள். ஒரு சத்தமும் இல்லை. பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அப்போதும் இல்லை. பேட்டரி அடியோடு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார் கடைக்காரர்.

ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். கண் கூசும்படி எரிந்தது. விளக்குக்கு வருகிற கரண்ட் எஞ்சினுக்கு ஏன் வரவில்லை, எஞ்சினை முதலில் சுற்றுவது எது, அது எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என் கேள்விகள் தாங்காமல் மகள் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தாள். கொஞ்ச நேரம் அவள் கால்கள் மட்டும் தெரிந்தன.

"அம்மா, செல்ஃப் மோட்டாருக்குப் போற ஒயர் மாட்டவே இல்ல. டேப் சுத்தி ஓரமா கட்டி வெச்சிருக்கு."

கணவருக்குப் போன் போட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"அதுவா, நான்தான் கழட்டி விட்டேன். செல்ஃப் கோளாறாகி பேட்டரியத் தின்னுட்டு இருந்துச்சு. நமக்குத்தான் இறக்கம் இருக்கே."

கோபம் வந்தது. அதைவிட வியப்பு அதிகமாக வந்தது. எஞ்சினைச் சுற்றும் மோட்டாரே வேலை செய்யாத வண்டிக்கு நான் ஒரு வாரமாக ஆம்பியர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த ஊரில் இன்னும் எத்தனை ஜீப்புகள் இப்படி ஓடுகின்றனவோ.

மோட்டாரைக் கழற்றி, உள்ளே செப்புக் கம்பி மாற்றி, திரும்ப மாட்டி வாங்கினோம். பிறகு நாங்கள் பூசைக்குப் போகும் வேதக்கோயில் முற்றத்துக்கு ஜீப்பைக் கொண்டுபோனோம். எங்கள் பக்கத்தில் சமதளம் என்று சொல்ல அதுதான் உண்டு. காலையிலிருந்து ஹெட்லைட்டை எரியவிட்டு பேட்டரியை வற்ற வைத்தோம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் நம்பிக் கொடுத்தனுப்பியிருந்தார். சிறியது எஞ்சினை அரைச் சுற்று முனகவைத்து ஓய்ந்தது. பெரியது செங்கல் கனம். அதை மாட்டி, சாவியைத் திருப்பினாள். இரண்டு மூன்று சுற்று சுற்றி, கரும்புகை விட்டு, எஞ்சின் எழுந்தது. ஜீப் இருந்த இடத்தை விட்டு ஒரு விரல் அளவும் நகரவில்லை. அணைத்து மறுபடி போடச் சொன்னேன். அப்புறம் கிளிப்பைக் கழற்றி நானே மாட்டிப் பார்த்தேன். சிவப்பை முதலில், கறுப்பைப் பிறகு.

பெரியதையே வைத்துக்கொள்வோம் என்றேன். பெட்டியை வெயில் படும் டேஷ்போர்டில் வைக்கக்கூடாது, சீட்டுக்கு அடியில் துணி சுற்றி வைக்கவேண்டும். சும்மா இருந்தாலும் சார்ஜ் மெல்ல இறங்கும் என்பதால் மாதந்தோறும் நான் பூசைக்குப் போகும் முதல் வெள்ளியில் சார்ஜ் போடுவது என்று முடிவு செய்தேன்.

"அதுக்கும் முதல் வெள்ளி பக்தியா?" என்றாள் மகள்.

கணவர் கோயில் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சமதளத்தில் இது நிற்பதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது என்றார்.

மகள் பானெட்டை மூடிவிட்டு, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "அப்போ இந்த ஞாயித்துக்கிழமை போகட்டாம்மா?"

போகாதே என்று சொல்லக் காரணம் எதுவும் மிச்சமில்லை. அவளைத் தனியே அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்தேன். அது மேட்டில் இருப்பதை விட மோசமாக இருக்கும் என்று தோன்றியது.

"எஞ்சின் ஓடாம பிரேக்க விடக்கூடாது."

"விடமாட்டேன்."

"பூசை முடிஞ்சதும் கிளம்பு. நானும் வாரேன்," என்றேன்.