இரண்டு பொட்டலத்திலும் அரளி

அக்கா எந்தக் காலேஜில் சேருவது என்று எங்கள் வீட்டில் முடிவு செய்ய வேண்டியிருந்தவர்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, மாமா, ஏரிக்கரை அம்மன். படிக்கப் போகிற அக்காவை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும்போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரச்சினைக்குரிய இடம் வண்டலூரைத் தாண்டி இருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அப்பா அதன் பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் தாம்பரத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோடு வழியாகப் போய், சாயங்காலம் அதே பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து விடும் வேலை. அங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பாதி ஃபீஸ்தான். அந்தச் சலுகை இல்லையென்றால், சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்த எங்களைப் போன்றவர்கள் அந்த கேட்டுக்குள் நுழைய பஸ் ஓட்ட வேண்டும், அல்லது தரை பெருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருந்தது. நகரத்துக்குள் ஒரு பெண்கள் கல்லூரி. பி.எஸ்ஸி. கணக்கு கிடைக்கும், எலெக்ட்ரிக் டிரெயினில் போய்வரலாம். ஆனால் அக்காவுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று ஆசை. மாமா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருடைய போனை வாங்கி அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் படத்தை இரண்டு விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்ப்பாள். நான் எட்டிப் பார்த்தால் வெறும் அலமாரியும் நாற்காலியும்தான் தெரியும்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. ஏர்போர்ட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் சூப்பர்வைசர். அதனால் உலக விஷயம் எல்லாம் தெரிந்தவர் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு முடிந்ததும் நன்மை தீமைகளை அலச ஆரம்பிப்பார். நன்மை எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். தீமை எல்லாம் அப்பா வாயிலிருந்து வரும்.

“பசங்க பைக்க வெச்சிகினு வீலிங் பண்றானுங்க. பொம்பளப் புள்ளய அங்க அனுப்ப முடியுமா?” என்பார் அப்பா. அடுத்த வாரம் காரணம் மாறிவிடும். “கேன்டீன்ல எப்பப் பாரு பீட்சாதான். அதயே துன்னா வயிறு இன்னாத்துக்கு ஆவும்?” அதற்கும் அடுத்த வாரம், “பெருங்களத்தூர் சிக்னல்லயே பாதி நாளு பூடுது.”

“அந்த சிக்னல்ல பஸ்ஸ நிறுத்திகினு நிக்கிறதே நீதான மாமா?” என்று மாமா கேட்டார். அக்காகூடச் சிரித்துவிட்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

விசித்திரம் என்னவென்றால், அக்காவின் மார்க் வரும்வரை அப்பாவுக்கு அது “எங்க காலேஜு”. எங்க காலேஜில் லிஃப்ட் இருக்கிறது, எங்க காலேஜில் நீச்சல்குளம் இருக்கிறது என்று தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். மார்க் வந்த அன்றிலிருந்து அது “அந்தக் காலேஜு” ஆகிவிட்டது. கடன் வாங்கப் பயப்படுகிறார் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். மகளுக்குச் செலவு செய்ய மனசு வரவில்லை என்று மாமாவிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். அம்மா சொன்னதால் நானும் அப்படியே நம்பினேன்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்மா, வெள்ளிக்கிழமை கோயிலில் பூப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றாள். ஒரு பொட்டலத்தில் மல்லிகை, ஒரு பொட்டலத்தில் அரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்து, வீட்டின் சின்னப் பிள்ளையை ஒன்று எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் பல்கலைக்கழகம், சிவப்பு வந்தால் பெண்கள் கல்லூரி. எங்கள் தெருவில் பெண் பார்ப்பதிலிருந்து ஆபரேஷன் வரைக்கும் இப்படித்தான் உத்தரவு கேட்பார்கள். கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத அப்பா, “பொட்டலத்த நான் மடிக்கிறேன்” என்றார். மனுஷன் ஒருவழியாக இறங்கி வந்துவிட்டார் என்று அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

அன்றைக்கு நான்தான் ராணி. பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, யாரையும் தொடாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் தெருவில் பாதிப் பேர் கோயிலில் இருந்தார்கள். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, “எடும்மா பாப்பா” என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிரித்தார். அரளி.

அக்கா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். கண் நிறைந்துவிட்டது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த மல்லிகையையாவது எடுத்து அவள் தலையில் வைக்கலாம் என்று கையை நீட்டி மற்ற பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அதிலும் அரளி.

“அம்மா, இதுலயும் செவப்பு! அம்மன் ரெண்டு தடவ சொல்லிட்ச்சு!” என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். சத்தியமாக அதை நான் அற்புதம் என்றுதான் நினைத்தேன்.

விளக்குப் போட வந்திருந்த ஒரு அம்மாள்தான் முதலில் சிரித்தாள். அதன்பிறகு எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா போட்டிருந்தது மெல்லிய வெள்ளைச் சட்டை. அதன் பாக்கெட் ஈரமாகி உள்ளே இருந்த மல்லிகை அப்படியே தெரிந்தது.

“இன்னா மாமா, சாமிகிட்டயேவா?” என்றார் மாமா, மெதுவாகத்தான்.

அப்பா பூவை எடுத்துத் தட்டில் வைத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். செருப்பைக்கூட மாட்டவில்லை. அம்மாதான் அந்தப் பெரிய செருப்புகளைக் கையில் தூக்கிக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க, வீடுவரை நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் நடந்த எனக்கு உடம்பு கூசியது. அவமானம் என்ற சொல் புத்தகத்தில் படித்ததுதான். உடம்பில் எங்கே இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்துக்கும் செய்தி போய்விட்டது. “உங்கப்பா சாமிக்கே அல்வா குட்த்தாராமே?” என்று என் பெஞ்சுக்காரி கேட்டாள். அது எங்கப்பா இல்லை, எங்க மாமா என்று சொல்லிவிட்டேன். மாமாவின் பெயர் கெட்டதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் அப்பாவை நேராகப் பார்க்கவே முடியவில்லை. கஞ்சன், அதற்கு மேல் பொய்யன். இப்படி ஒருவர் எனக்கு அப்பாவாக வாய்த்தாரே என்று பாத்ரூமில் போய் அழுதேன்.

வீட்டில் அப்பாவின் பேச்சுக்கு அதன்பிறகு மதிப்பில்லை. அம்மா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் நகர்த்திவிட்டு உள்ளே போய்விடுவாள். அக்காவுக்குப் பல்கலைக்கழகம் என்று முடிவாயிற்று. அம்மனைக்கூட மறுபடி யாரும் கேட்கவில்லை.

சேரும் நாளன்று நாங்கள் மூவரும் அப்பாவின் பஸ்ஸிலேயே போனோம். பஸ்களைப் பின்னால் இருந்த மைதானத்தில்தான் நிறுத்த வேண்டும். அங்கிருந்து வெயிலில் வெகுதூரம் நடக்க வேண்டும். அம்மாவுக்குக் குதிகால் வலி. அப்பா பெரிய கட்டடத்தின் வாசலிலேயே பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தார். நாங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் போனைக் காதில் வைத்தபடி ஓடி வந்தார். கழுத்தில் அட்டை தொங்கியது. அப்பாவைவிட ரொம்பச் சின்னவர்.

“யோவ், இன்னா, உன் வூட்டு வண்டியா இது? கண்ட எடத்துல நிறுத்துற? எத்தினி தபா சொல்றது ஒனக்கு? அறிவு கீதா இல்லியா?”

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பையன்கள் சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி, “ரைட், ரைட், போலாம்” என்றான். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “சாரி சார், எட்துடறேன் சார்” என்றார். வீட்டில் அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

“யாரு இவுங்கள்லாம்?” என்று அவர் எங்களைக் காட்டிக் கேட்டார்.

அப்பா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. “தெரிஞ்சவங்க சார். அட்மிஷனுக்கு வந்தாங்க. வழில ஏத்திகினேன்” என்றார். பஸ் நகர்ந்து போய்விட்டது.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்ததில் வளையல் அழுந்தி வலித்தது. அக்கா தன் சான்றிதழ் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பஸ் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதவே கை கூசுகிறது. சாமியிடம் ஒரு பொய், இப்போது சாரிடம் ஒரு பொய். சாமி சும்மா விடுமா, நன்றாகத் திட்டு வாங்கட்டும் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மா தட்டை நகர்த்திவிட்டுப் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் சோறு போடவா?” என்று கேட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பொய்க்குப் பேசாமல் இருந்தவள் இரண்டாவது பொய்க்கு ஏன் பேசுகிறாள் என்று புரியவில்லை.

அப்போதுதான் அக்கா சொன்னாள். “பஸ்ல போனா எனக்கு வாந்தி வருதுப்பா. நான் டிரெய்ன்ல கூடுவாஞ்சேரி போய், அங்கேர்ந்து ஷேர் ஆட்டோ புடிச்சிக்கறேன்.”

“ஆமாம்மா, டிரெய்னுதான் சௌகரியம். பஸ்ஸு ஆவாது” என்றார் அப்பா. சட்டென்று சொன்னார். கோயிலுக்குப் போய்வந்த நாளிலிருந்து அப்பா முகத்தில் காணாத ஒரு தெளிவு வந்து, தட்டில் இருந்த சோற்றை அள்ளிச் சாப்பிட்டார்.

வாந்தி என்ற சொல்லைக் கேட்டாலே எலுமிச்சம்பழம் தேடி ஓடுகிற அம்மா அன்றைக்கு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. பெரிய காலேஜில் இடம் கிடைத்ததும் அக்காவுக்கு அப்பாவின் பஸ்ஸில் ஏற வெட்கம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவள் படித்து முடிக்கிறவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.